தலைக்கவசமும் அதன் கோலமும்

தோற்றுவாய்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம் நாட்டுப் பழமொழி. அதன் பொருளை அறிய நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. கயிலை மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையாலே நடந்து ஏறினார் என்று பெரியபுராணம் போற்றும் அம்மையார் நம் காரைக்காலிற் பிறந்தவரே. அத்தகைய ஊரில் வாழும் நாம் இன்று தலையை எவ்வாறு பேணுகின்றோம் என்பதைக் காலை வேளையிற் கல்லூரி வாயிலில் நின்று நோக்குவார் எளிதில் அறிவர். பி.ஒய். 02 என்னும் எண் பூண்ட மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தலைக்கவசம் சிலர்க்குத் தலையில் உளது. சிலர்க்கு முழங்கையில் தொங்குகின்றது. வேறு சிலர்க்கு வண்டியின் பக்கக்கண்ணாடிக்கு முடியாகின்றது.

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். அக்கவசங்கள் வெறுமையாய் இல்லை. ஒன்றில் தீச்சுடர் எரிகின்றது. ஒன்றில் புலி உறுமுகின்றது. ஒன்றில் தாய்தந்தையர் பெயர் பொறிக்கப்பட்டுளது. பிறிதொன்று மோட்டார்ப் பந்தய வீரர் ஒருவரது கவசத்தின் படியாகவே விளங்குகின்றது. இக்கோலங்களைப் பழித்தல் நம் நோக்கமன்று. இளைஞர் தம் பொருளைத் தமதென்று காட்ட விழைதல் இயல்பே. இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது, அதன் பயன் யாது, தலைக்கு ஊறு நேராமல் அதனைச் செய்யும் முறை யாது என்னும் மூன்றையும் ஈண்டு ஒருசிறிது ஆராய்வோம்.

1. சூடிய பூவும் பூசிய வண்ணமும்

தலையில் அடையாளம் அணிதல் நமக்குப் புதிதன்று. சேரர் பனம்பூவும், பாண்டியர் வேப்பம்பூவும், சோழர் ஆத்திப்பூவும் போரிற் சூடினர் எனத் தொல்காப்பியப் புறத்திணையியலால் அறிகின்றோம். வெட்சி, கரந்தை, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை எனப் போரின் வகைக்கேற்பப் பூவும் வேறுபட்டது. இஃது அழகு கருதியது மட்டுமன்று. புழுதி எழுந்த போர்க்களத்தில் நம்மவர் யார், மாற்றார் யார் என்று ஒரு நோக்கில் உணர்தற்குத் தலைப்பூ உதவியிருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. உடல் முழுவதும் கூட்டத்தில் மறையினும் தலை மறையாது அன்றோ?

அரசலாற்றின் முகத்துவாரத்தருகே நம் மீன்பிடித் துறைமுகத்திற் கட்டியிருக்கும் படகுகளும் இவ்வுண்மையையே கூறும். படகுக்குப் பூசிய வண்ணம் உப்புநீரினின்று மரத்தையும் இரும்பையும் காக்கின்றது. அதனோடு, கடலில் தொலைவில் தோன்றும் படகு இன்னாருடையது என்று காட்டியும் கொடுக்கின்றது. காத்தல், காட்டுதல் என்னும் இவ்விரு தொழிலும் ஒரே வண்ணத்தால் நிகழ்கின்றன. இவற்றுள் எது முதல், எது வழி என்பதை மீனவர் மறப்பதில்லை. நாமும் அதனை நினைவிற் கொள்வோமாக.

மேனாட்டில் குதிரைப் பந்தயமே இவ்வழக்கத்துக்கு வழிகாட்டியது. பந்தயம் கட்டுவதை நாம் ஏற்பதில்லையாயினும் வரலாற்றை விடுவதற்கில்லை. ஒரே நிறக் குதிரைகள் பல சேர்ந்து ஓடுகையில் வென்றது எது என்று அறிதல் அரிதாயிற்று. ஆதலின் இங்கிலாந்தில் நியூமார்க்கெட் என்னுமிடத்தில் 1762ஆம் ஆண்டில் குதிரைக்கு உரியவர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனி வண்ணம் வரைந்து பதிந்துகொண்டனர். குதிரையோட்டியின் சட்டையும் தொப்பியும் அவ்வண்ணத்தன ஆயின. பின்னாளில் கடினமான தலைக்கவசம் வந்தபோதும் அதனைப் பூசாமல், அதன்மேல் அவ்வண்ணத் துணியுறை ஒன்றை மாட்டினர். இன்று ஓர் உரிமையாளரின் குதிரையிலும் நாளை வேறொருவர் குதிரையிலும் ஏறுபவர் கவசத்தை மாற்றவேண்டா. உறையை மாற்றினாற் போதும். கவசத்துக்கு உறையிடும் வழக்கம் இவ்வாறு தேவையிலிருந்து பிறந்தது.

2. மோட்டார்ப் பந்தயத்தில் தலைக்கவசம்

மோட்டார் வண்டி தோன்றிய தொடக்கத்தில் ஓட்டுவோர் துணித்தொப்பியோடும் தூசுக்கண்ணாடியோடும் அமைந்தனர். இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் திடலில் மருத்துவராயிருந்த எரிக் கார்ட்னர் என்பார், தலையடிபட்ட மோட்டார் சைக்கிள் வீரர் பலரைக் கண்டு உளம் நொந்து, கித்தான் துணியில் அரக்கு ஏற்றிய கவசம் ஒன்றைச் செய்வித்தார். 1914ஆம் ஆண்டு மான் தீவுப் பந்தயத்தில் அதனை அணிதல் கட்டாயமாயிற்று.

1935ஆம் ஆண்டில் அரேபிய லாரன்ஸ் எனப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையடிபட்டு மாண்டார். அவருக்கு மருத்துவம் செய்தவருள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை வல்லுநர் அச்சாவினால் தூண்டப்பெற்றுப் படைத்துறை மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். கவசம் உயிர் காக்கும் என்பது அதன்பின் கணக்கால் நிறுவப்பட்ட உண்மையாயிற்று.

உலகக் கார்ப் பந்தயமாகிய பார்முலா ஒன்றில் 1952ஆம் ஆண்டிலிருந்து கவசம் கட்டாயம் ஆயிற்று. முகத்தையும் மோவாயையும் மூடும் முழுக்கவசத்தை 1968ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய டான் கர்னி அப்பந்தயத்தில் அணிந்து காட்டினார். முகம் மறைந்தது, கோலம் எழுதுவதற்கு இடம் அகன்றது. முகத்தால் அறியப்படாத வீரர் வண்ணத்தால் அறியப்படலானார்.

3. வண்ணம் பேசும் மொழி

முற்காலத்தில் பந்தயக் கார்கள் நாட்டின் வண்ணம் பூண்டன. பிரெஞ்சுக் கார் நீலம். பிரிட்டிஷ் கார் பச்சை. இத்தாலியக் கார் சிவப்பு. ஒரே அணியின் இரு கார்கள் ஒரே வண்ணத்தில் விரையும்போது உள்ளிருப்பவர் யார் என்று தெரிவது எங்ஙனம்? காரோட்டியின் உடல் காருக்குள் ஆழ்ந்திருக்கும். வெளியே தோன்றுவது தலை ஒன்றே. ஆதலின் கவசத்தின் வண்ணமே அவர்தம் கையொப்பமாயிற்று.

அக்கையொப்பம் எதனைக் கூறியது என்பது ஆராயத்தக்கது. 1962, 1968ஆம் ஆண்டுகளில் உலக வெற்றி பெற்ற கிரகாம் ஹில் இளமையில் இலண்டன் படகோட்டுக் கழகத்தில் துடுப்பு வலித்தவர். கருநீலக் கவசத்தில் துடுப்பலகு போன்ற வெண்பட்டைகளை எழுதி அக்கழகத்தின் வண்ணத்தைத் தம் தலையிற் சூடினார். 1976ஆம் ஆண்டின் வெற்றியாளர் ஜேம்ஸ் ஹன்ட் தம் கருங்கவசத்தில் வரைந்த கோடுகள் அவர் பயின்ற வெல்லிங்டன் கல்லூரிப் பள்ளியின் வண்ணங்கள். மாணவரே! இதனை ஊன்றி நோக்குமின். உலகப் புகழ் பெற்ற நாளிலும் அவர் கவசத்திற் புலியை எழுதவில்லை, பள்ளியை எழுதினார்.

ஸ்காத்லாந்தினரான ஜாக்கி ஸ்டூவர்ட் வெண்ணிறக் கவசத்தைச் சுற்றி நம் ஊர்க் கைலியின் கட்டங்களை ஒத்த ஸ்டூவர்ட் குலத் துணிக்கோலத்தைப் பட்டையாக இட்டார். பிரேசில் நாட்டு அயர்ட்டன் சென்னாவின் மஞ்சட் கவசமும் அதிற் பச்சை, நீலப் பட்டைகளும் அந்நாட்டுக் கொடியை நினைவூட்டுவன. அதனை அமைத்தவர் சாவோ பாலோ நகரத்து வண்ணக்கலைஞர் சிட் மோஸ்கா. பிரெஞ்சு வீரர் ஜான் அலெசி அணிந்த கோலமோ அவருடையதன்று. 1986ஆம் ஆண்டில் பிரான்சில் காரைச் சோதித்து ஓட்டுகையில் நேர்ந்த விபத்தால் இறந்த இத்தாலிய வீரர் எலியோ டி ஆஞ்செலிஸின் கோலத்தை அவர் நினைவாகத் தாம் ஏற்றார். கிரகாம் ஹில் 1975ஆம் ஆண்டில் விமான விபத்தில் மறைந்தபின், அவர் மகன் டேமன் ஹில் தந்தையின் அதே துடுப்புக் கோலத்தை அணிந்து 1996ஆம் ஆண்டில் உலக வெற்றி பெற்றார். கழகம், பள்ளி, குலம், நாடு, நட்பு, தந்தை என இவையெல்லாம் நான்கு விரற்கடை வண்ணத்தில் அடங்கின.

நம் தமிழ்நாட்டிலும் இவ்விளையாட்டுக்கு வரலாறு உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்திற் பந்தயங்கள் பல்லாண்டு நடந்தன. 1953ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1990ஆம் ஆண்டில் திருப்பெரும்பூதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனித்திடல் கண்டது. கோயம்புத்தூரில் பந்தயக் கார்களைத் தாமே அமைத்த கரிவரதன் பெயரால் செட்டிபாளையத்தில் மற்றொரு திடல் உளது. 2005ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் மெல்போர்ன் நகரில் நாராயண் கார்த்திகேயன் பார்முலா ஒன்றில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். 2010ஆம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் இரண்டாமவர் ஆனார். இத்திடல்களில் ஒரே அமைப்பிலான கார்களே ஓடும் பந்தயங்கள் உண்டு. அங்கே காண்போர்க்குக் கவசத்தின் வண்ணமே துணை.

இவ்வழக்கத்துக்கு எல்லை வகுக்கும் முயற்சியும் நடந்தது. செபாஸ்டியன் வெட்டல் என்னும் ஜெர்மானிய வீரர் பந்தயந்தோறும் புதுக்கோலம் பூண்டார். நாளும் மாறும் கையொப்பம் கையொப்பமாகுமா? 2015ஆம் ஆண்டிலிருந்து ஓராண்டு முழுதும் ஒரே கோலம் அணியவேண்டும் என்று உலக மோட்டார் சம்மேளனம் விதித்தது. 2020ஆம் ஆண்டில் அவ்விதி நீங்கியது. 2018ஆம் ஆண்டில் தலையைக் காக்கக் காரோட்டியின் முன்னே வளைவுச் சட்டம் ஒன்று பொருத்தப்பட்டது. அதனாற் கவசத்தின் கோலம் காண்போர்க்குப் பாதி மறைந்தது. கோலம் மறையினும் தலை காக்கப்படுக என்று அவ்விளையாட்டு முடிவு செய்தது. இம்முடிவே நம் பாடத்தின் உயிர்நாடி.

4. கவசம் காக்கும் விதம்

கவசத்துக்கு உறுப்பு மூன்று. புற ஓடு, அடியின் விசையை ஒரு புள்ளியில் நிற்கவிடாது பரப்பும்; கூர்மையான பொருள் ஊடுருவாது தடுக்கும். அகத்தே உள்ள தெர்மாக்கோல் போன்ற நுரைப்படலம் தான் நசுங்கித் தலை நிற்கும் நேரத்தை நீட்டும். நேரம் நீள மூளைக்கு எட்டும் அதிர்ச்சி குறையும். மோவாயின்கீழ் இறுக்கும் வார் கவசத்தைத் தலையில் நிறுத்தும். நுரை ஒருமுறை நசுங்கினால் மீளாது. ஆகவே பலத்த அடிபட்ட கவசம், பார்வைக்குப் பழுதின்றித் தோன்றினும், தன் கடமையை முடித்துவிட்டது என்று கொள்ளுதல் வேண்டும்.

இம்மூன்றனுள் வண்ணம் ஒன்றன்று. இதனை உலகம் துயரத்தோடு உணர்ந்தது 1994ஆம் ஆண்டு மே 1ஆம் நாள். இத்தாலியின் இமோலாத் திடலில் கார் சுவரில் மோத, அதன் முன்சக்கரத் தாங்குகோல் கவசத்தைத் துளைத்தமையால் சென்னா உயிரிழந்தார். உலகில் அனைவரும் அறிந்த கோலம் அது. ஆயினும் இரும்பு கோலத்தை அறியாது. 2009ஆம் ஆண்டில் ஹங்கேரியில், முன்சென்ற காரிலிருந்து கழன்ற சுருள்வில் ஒன்று பெலிப்பே மாசாவின் கவசத்தில் இடக்கண்ணுக்கு மேலே தாக்கியது. அவர் பிழைத்தார். அதன் விளைவாக முகக்கண்ணாடியின் மேல்விளிம்பில் வலிய இழைப்பட்டை சேர்க்கப்பட்டது; 2018ஆம் ஆண்டுத் தரவிதியில் கண்திறப்பின் மேல்விளிம்பு 10 மில்லிமீட்டர் தாழ்த்தப்பட்டது. வீரர்களின் கோலங்கள் மாறிக்கொண்டிருக்க, அவற்றின் அடியிலுள்ள ஓடு இவ்வாறு ஒவ்வொரு விபத்திலிருந்தும் பாடம் கற்றது.

5. கோலம் இடும் முறை

கோலம் இடுதலால் ஓட்டுக்குக் கேடு வருமோ எனின், வரும். உயர்ந்த பந்தயக் கவசங்களின் ஓடு கார்பன் இழையாலும் பிசினாலும் ஆயது. நாம் கடைத்தெருவில் வாங்கும் கவசங்களுட் பல வார்த்தெடுத்த பிளாஸ்டிக்கினால் ஆயவை. இப்பிளாஸ்டிக்கைத் தின்னர், பெட்ரோல், அசிட்டோன் முதலிய திரவங்கள் உட்புகுந்து தளர்விக்கும். கண்ணுக்குத் தோன்றாத நுண்பிளவுகளை உண்டாக்கும். மோட்டார் சைக்கிள் தொட்டிக்குப் பூசும் பெயின்ட் தின்னர் கலந்தது. தொட்டி இரும்பு, அதற்கு ஏற்றது பிளாஸ்டிக்குக்கு ஏற்றதாகாது.

இதுபற்றியே உலக மோட்டார் சம்மேளனத்தின் விதிகளிலும் எச்சரிக்கை உளது. வண்ணம் ஓட்டின் பொருளோடு வினைபுரிந்து காக்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடும். ஆதலின் கவசம் செய்தவர் கூறிய பெயின்டையும் முறையையுமே கைக்கொள்ளுதல் வேண்டும். வார்த்தெடுத்த ஓடுகள் பெரும்பாலும் பூசுதற்குத் தக்கனவல்ல. பூசுமுன் உட்புறத்தை நன்கு மூடுதல் வேண்டும் என்பன அவற்றின் சாரம்.

கைதேர்ந்த கலைஞர் செய்யும் முறை வருமாறு. முதலில் முகக்கண்ணாடி, காற்றுத் துவாரங்களின் மூடி முதலிய கழற்றத்தக்க உறுப்புகளைக் கழற்றுவர். உட்புறத்தையும் வாரையும் தாளாலும் டேப்பாலும் மூடுவர். நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்து மேற்பூச்சின் பளபளப்பை மட்டும் நீக்குவர், ஓட்டைத் தீண்டார். பின்னர் அடிவண்ணம், அதன்மேல் டேப்பால் எல்லை வகுத்து ஒவ்வொரு நிறமாக மெல்லிய பூச்சு, இறுதியில் நிறமற்ற மேற்பூச்சு எனப் படிப்படியாகச் செல்வர். பூச்சு தடித்தலாகாது. என்னை? பந்தயக் கவசத்தின் எடை ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ. வளைவில் விரையும் காரில் பக்கவிசை எடையைப்போல் ஐந்து மடங்கு வரை எழும். தலையும் கவசமும் சேர்ந்து 6 கிலோ எனின், கழுத்து 30 கிலோவைப் பக்கவாட்டில் தாங்குகின்றது. ஆதலின் வீண்பூச்சின் ஒவ்வொரு கிராமும் ஐந்து கிராமாய் இழுக்கும்.

ஸ்டிக்கர் ஒட்டுதல் பூசுதலினும் எளிது. ஆயினும் அதன் பசையும் ஆராய்ந்து கொள்ளத்தக்கது. தனியே பசை தடவி ஒட்டுவதினும், ஒட்டும் பரப்போடு ஆயத்தமாய் வரும் ஸ்டிக்கர் நன்று. அதுவும் கவசம் செய்தவர் தடுக்காதவிடத்தே ஒட்டுக. காற்றுத் துவாரத்தையும், முகக்கண்ணாடியையும், ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் மறைத்தல் ஆகாது. துணியுறை இடுவோர் அது கண்ணருகே நழுவாதபடியும், காற்றில் பறக்கும் தொங்கல் இல்லாதபடியும் நோக்குக. நம் கடற்கரை வெயிலில் துவாரத்தை அடைத்த உறை தலையை வேகவைக்கும். வெந்த தலையர் கவசத்தைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொள்வர். கவசத்தில் துளையிட்டுக் கொம்பும் சிறகும் பொருத்துதல் எவ்வாற்றானும் தகாது. துளை எங்கேயோ பிளவும் அங்கே.

6. நம் கல்லூரியில் நாம் கண்டது

பூச்சால் விளையும் தீங்குகளுள் பெரியது ஒன்று உண்டு, அது மறைத்தல். சென்ற ஆண்டு நம் மாணவர் ஒருவர் தம் விடுதித் தோழரிடமிருந்து கவசம் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினார். கரும்பூச்சும் பொற்சுடரும் தீட்டப்பெற்று அது புதியதுபோல் ஒளிர்ந்தது. ஏழு திங்கள் அதனை அணிந்து, நாகூர்ச் சாலையில் இரவும் பகலும் சென்றுவந்தார். ஒருநாள் பின்புறத்தில் பெயின்ட் செதிலாய் எழ, நகத்தால் அதனை உரித்தார். கீழே ஒரு சாண் நீளத்துக்குப் பழம்பிளவு ஒன்று ஓடியது. தோழரைக் கேட்டபோது, அவரும் அதனைப் பூசிய நிலையிலேயே வேறொருவரிடம் வாங்கியதாகக் கூறினார். இருவரும் நல்லவர், இருவரும் அறியாதவர். அந்த ஏழு திங்களில் ஒரே ஒருமுறை அவர் விழுந்திருப்பாராயின் என்று எண்ணும்போது நம் நெஞ்சு நடுங்குகின்றது. அவர் அக்கவசத்தை நம் மேசைமீது வைத்து, "ஐயா, இதை யார் தலைக்கும் கொடுத்துவிடாதீர்கள்" என்றார். வாரை அறுத்து அதனைப் பயனற்றதாக்கி வகுப்பில் வைத்துள்ளோம். வரும் ஆண்டுகளின் மாணவர்க்கு அது பாடம் சொல்லும்.

நம் ஊரார் பலர்க்குப் பிரான்சில் உறவினர் உளர். அந்நாட்டுச் சட்டத்தின்படி மோட்டார் சைக்கிள் கவசத்தில் முன், பின், இரு பக்கம் என நாற்புறமும் ஒளி திருப்பும் ஸ்டிக்கர் இருத்தல் வேண்டும். இருளில் கார் விளக்குப் பட்ட அளவிலே அது மின்னும். அழகும் காவலும் ஒன்றாகிய கோலம் அது. மின்விளக்கில்லாத வயற்சாலைகளும், அறுவடைக் காலத்தில் சாலையில் உலரும் நெல்லும், சனிக்கிழமைதோறும் திருநள்ளாறு நோக்கிப் பெருகும் வண்டிகளும் உடைய நம் நாட்டுக்கு இதனினும் ஏற்ற கோலம் வேறில்லை.

ஆதலின் மாணவர்க்கு நாம் கூறுவன நான்கு. முதலாவது, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற கவசத்தைப் புதிதாகவே வாங்குக. பிறர் பூசிய கவசத்தை வாங்கற்க. இரண்டாவது, கடையிலேயே விரும்பிய வண்ணத்தைத் தெரிந்துகொள்க; தின்னர் கலந்த பெயின்டை வீட்டில் தீண்டற்க. மூன்றாவது, அடையாளம் வேண்டின் ஒளி திருப்பும் பட்டையால் கல்லூரி வண்ணத்தை நாற்புறமும் இடுக. ஜேம்ஸ் ஹன்ட் தம் பள்ளிக்குச் செய்த சிறப்பை நாமும் நம் கல்லூரிக்குச் செய்யலாம். பெயரும் இரத்தப் பிரிவும் எழுதிய சிறு ஸ்டிக்கர் ஒன்று உடன் இருப்பின் நன்று. நான்காவது, வாரை இறுக்குக. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு கவசம் அணியப் பணிக்கின்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் தவறுவோர்க்கு ஆயிரம் ரூபாய் தண்டமும் மூன்று திங்கள் உரிமத் தடையும் கூறுகின்றது. தண்டத்துக்கு அஞ்சி அணிவதினும், வீட்டில் வாயிற்படியை நோக்கியிருக்கும் தாயை எண்ணி அணிதல் சிறப்பு.

முடிவுரை

பவுலடியார் எபேசியர்க்கு எழுதிய நிருபத்தில் போர்வீரனின் படைக்கலங்களை ஒவ்வொன்றாக உவமை கூறுங்கால், இரட்சணியத்துக்கு உவமையாகத் தேர்ந்தது தலைச்சீராவையே. அதன் வண்ணத்தைப்பற்றி அவர் ஒன்றும் கூறிற்றிலர். காக்கும் தன்மை ஒன்றே கருதினார். சேரனது பனம்பூவும் கிரகாம் ஹில்லின் துடுப்பும் சூடியவரை உலகுக்குக் காட்டின. காட்டுதல் நன்றே. ஆயினும் காட்டப்படுவதற்கு ஆள் உயிரோடு இருத்தல் வேண்டும். ஆதலின் முதலிற் கவசம், பின்னர்க் கோலம் என்னும் முறை பிறழாது, நம் மாணவர் யாவரும் காலையில் வந்தவாறே மாலையில் வீடு சேர்வாராக.